பின்சீட்டுக்கு எந்த வண்டி?

போன மாதம் ஒரு மதியம், நான் முன்பு வேலை பார்த்த பிசியோதெரபி பிரிவிலிருந்து நிவேதா போன் செய்தாள். நலம் விசாரிக்கத்தான் என்று நினைத்தேன்.

"மேடம், ஒரு டவுட்டு. மணிக்கட்டு உடைஞ்சி சரியான ஒருத்தரு, புது பைக் வாங்கப் போறாராம். ஸ்போர்ட் டூரர் வாங்கறதா, அட்வென்ச்சர் டூரர் வாங்கறதானு என்ன வந்து கேக்கறாரு. நான் இன்னா சொல்றது?"

"டாக்டரக் கேக்க வேண்டியதுதானே."

"டாக்டருதான் இங்க அனுப்பிட்டாரு. நீங்க ஒரு தடவ ரெண்டு வண்டியயும் டேப் வச்சி அளந்தீங்களாமே? இங்க எல்லாரும் சொல்றாங்க."

அளந்தது உண்மைதான். எங்கள் மருத்துவமனைக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறைக்கு எதிரே இருக்கிற சிமென்ட் தரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தேன். ஆனால் போனில் நாலு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது, நேரத்துக்கு என்ன குறைச்சல்.

வண்டிகளைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. நீண்ட தூரம் போவதற்கென்றே செய்த பெரிய பைக்குகளில் இந்த இரண்டும் இரண்டு சாதி. ஸ்போர்ட் டூரர் தாழ்ந்தது. ஓட்டுகிறவர் சற்று முன்னால் குனிந்து, முழங்காலை நன்றாக மடக்கி உட்கார வேண்டும். நல்ல தார் ரோட்டில் அம்பு மாதிரி போகும். அட்வென்ச்சர் டூரர் உயரமானது. நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்காரலாம், கால் தாராளமாகத் தொங்கும், ரோடு மோசமானாலும் கவலைப்படாது. ஆனால் ஏறி உட்காருவதே ஒரு வேலை. பேப்பரில், இணையத்தில் எல்லாம் இன்ஜினையும் மைலேஜையும் வைத்து இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். அன்று எங்களிடம் வந்த கேள்வி வேறு. உடைந்து ஒட்டிய ஓர் இடுப்பு எதில் உட்காரும் என்பதுதான் அது.

நான் பிசியோதெரபி படித்தது சென்னையில். படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்பின் பெயர், தசையின் பெயர், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மனப்பாடம் செய்தோம். பரீட்சை எழுதினோம். மனித உடம்பைத் தொட்டுப் பார்ப்பது என்றால் என்ன என்பது திருவண்ணாமலைக்கு வந்து, பிலோமினா மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

பிலோமினா மேடம் வேலூர்க்காரர். ஒல்லியான உடம்பு, வெளுத்த காட்டன் புடவை. நோயாளி கட்டிலில் உட்கார்ந்திருந்தால் அவர் ஒரு சின்ன ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கீழே உட்காருவார். யாரையும் மேலிருந்து பார்த்துப் பேச மாட்டார். தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். எங்களைச் சாதாரணமாக "வா, போ" என்றுதான் கூப்பிடுவார். "வாங்க சாந்தி, உக்காருங்க" என்று மரியாதை கொடுத்தாரானால் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அவர் கேட்கிற முதல் கேள்வி எங்கே வலிக்கிறது என்பது அல்ல. "இது சரியானா முதல்ல இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்பார். ஒருவர் மலை சுத்தணும் என்பார். ஒருவர் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடணும் என்பார். அந்தப் பதிலை வைத்துத்தான் எவ்வளவு மடங்க வேண்டும், எவ்வளவு தூக்க வேண்டும் என்று தீர்மானிப்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஓர் ஆட்டோ டிரைவர் தோள்பட்டை உறைந்துபோய் வந்தார். அப்போதெல்லாம் ஆட்டோவைக் கையால் லீவரைப் பின்பக்கமாக மேலே இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நான் அவர் கை தலைக்கு மேலே எவ்வளவு போகிறது என்று ஒவ்வொரு நாளும் அளந்துகொண்டிருந்தேன். பிலோமினா மேடம் ஒருநாள் வெளியே போய் அவருடைய ஆட்டோவிலேயே ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். லீவரை இழுத்தார். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் இறங்கி வந்து என்னிடம், "தலைக்கு மேல எதுக்கு சாந்தி? அவருக்கு வேண்டியது பின்னால இழுக்கற பலம். அத எங்க அளந்தீங்க?" என்றார். அந்த 'அளந்தீங்க' இன்னும் காதில் இருக்கிறது.

கஷ்டமான கேஸ் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் மலர்விழியைத்தான் சொல்வேன்.

மலர்விழி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருடைய கணவர் கோவிந்தன் அடி அண்ணாமலைக்காரர். அண்ணன்மார் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, இவர் டவுனில் மோட்டார் பம்பு கடை வைத்திருந்தார். ஒரே மகள் வேலைக்குப் போய் ஹைதராபாத்தில் தங்கிவிட்டாள். மகள் போன பிறகு, ஐம்பது வயதைத் தாண்டி, கோவிந்தன் ஒரு ஸ்போர்ட் டூரர் வாங்கினார். ஆள் குள்ளம். அந்தத் தாழ்ந்த வண்டியில்தான் அவருக்கு இரண்டு காலும் தரையில் பதியும். சனி ஞாயிறு ஆனால் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலை, ஏலகிரி, ஒகேனக்கல் என்று கிளம்பிவிடுவார்.

விபத்து வேகத்தில் நடக்கவில்லை. செங்கம் ரோட்டில் எதிர்ப்பக்கத்துக் கடையில் டீ குடிக்க வலது ஓரமாகக் கட்டினார்கள். வண்டி நின்றுவிட்டது. கோவிந்தன் வலது காலை ஊன்றிய இடத்தில் ஜல்லி. கால் சறுக்கியது. வண்டி வலது பக்கமாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். ஆனால் மலர்விழி விழுந்தது அங்கிருந்த ஒரு சின்னப் பாலத்தின் கல் விளிம்பில். அவர்மேல் வண்டி. தொடை எலும்பின் தலை உட்காருகிற கிண்ணம் உடைந்துபோனது. கோவிந்தனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

வெளியூரில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். பிலோமினா மேடத்துக்கு ஓய்வு வயது கடந்திருந்தது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருவார். அதனால் கேஸ் என் கையில். முதல் கேள்வியை நான்தான் கேட்டேன்.

"சரியானா முதல்ல இன்னா பண்ணணும் டீச்சர்?"

"வண்டில பின்னால உக்காரணும்."

கதவோரம் நின்றிருந்த கோவிந்தன் சட்டென்று வெளியே போய்விட்டார்.

"மொதல்ல நடக்கலாம்" என்றேன்.

"நடக்கறது ஸ்கூலுக்கு. நீங்க எனக்கு இன்னா வேணும்னு கேட்டீங்க, சொன்னேன்."

பிறகு ஒருநாள் ஒத்தடம் வைத்துப் படுத்திருக்கும்போது காரணத்தைச் சொன்னார். "அவரு வீட்ல பேச மாட்டாரு மேடம். இருபத்தஞ்சி வருஷமா அப்படித்தான். சாப்பாடு ஆச்சானு கேட்டா தலையாட்டுவாரு. இந்த வண்டி வாங்கனப்போ ரெண்டு பேர் ஹெல்மெட்லயும் மைக் வச்சிக் குடுத்தாங்க. ரோட்ல ஏறிட்டா பேச ஆரம்பிப்பாரு பாருங்க. சின்ன வயசுல ஏரில மீன் புடிச்சது, அவங்கப்பா அடிச்சது, கடைல வந்த ஆளு இன்னா சொன்னான்றது, எல்லாம். நான் முதுகத்தான் பாத்துனு இருப்பேன். குரல் மட்டும் காதுக்குள்ள கேக்கும். இத்தன நாளா இந்த ஆளு எங்க இருந்தாருனு தோணும். விழுந்ததுக்கப்புறம் திரும்பவும் வாய மூடிக்கினாரு. வண்டிய தார்ப்பாய் போட்டு மூடிட்டாரு."

மாதக்கணக்கில் வேலை செய்தோம். மலர்விழி சொன்ன பயிற்சியை ஒருநாளும் விட்டவர் இல்லை. வாக்கர் போய் கைத்தடி வந்தது, கைத்தடியும் போனது. பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஆனால் இடுப்பு ஓர் அளவுக்கு மேல் மடங்க மறுத்தது.

இதை அளப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்கித் தொடையை நெஞ்சை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். நம் இன்னொரு கை அவருடைய இடுப்புக்கு அடியில் இருக்க வேண்டும். மூட்டு மடங்கி முடிந்த பிறகும் தொடை மேலே போகும். அது மூட்டு மடங்குவது அல்ல, இடுப்பே கட்டிலை விட்டுத் தூக்குவது. பார்ப்பவர் கண்ணுக்கு நல்ல முன்னேற்றம் போலத் தெரியும். அடியில் இருக்கிற கைக்குத்தான் உண்மை தெரியும். இடுப்பு தூக்கத் தொடங்குகிற அந்த இடத்தில் நிறுத்தி, இரண்டு அளவுகோலைத் திருகாணியால் சேர்த்தது போன்ற கோணமானியை வைத்துப் படிக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்த முடிவில் கைக்கு என்ன தெரிகிறது என்பது. தசை தடுத்தால் ரப்பர் மாதிரி இழுத்துப் பிடிக்கும், பொறுமையாக இருந்தால் நாளாக நாளாக விட்டுக்கொடுக்கும். எலும்பு தடுத்தால் கதவு நிலையில் இடித்த மாதிரி நின்றுவிடும்.

எனக்கு அது ரப்பர் என்றே தோன்றியது. அல்லது அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினேன். பிலோமினா மேடம் வருகிற நாளில் கேட்டேன். அவர் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு மலர்விழியின் காலை மெல்ல மேலே கொண்டுபோனார். நின்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை, வேறு கோணத்தில் முயன்றார். பிறகு காலை இறக்கிப் படுக்க வைத்துவிட்டு, புடவையைச் சரிசெய்துவிட்டார்.

"எலும்பும்மா" என்று நேராக மலர்விழியிடமே சொன்னார். "ஒடஞ்ச எடத்துல புதுசா கொஞ்சம் எலும்பு வளந்துருக்கு. நாற்காலில உக்காரலாம், பஸ் ஏறலாம். இதுக்கு மேல மடங்காது. இழுத்து மடக்கனா கெட்டுப்போகும்."

மலர்விழி மின்விசிறியைப் பார்த்தார். "அப்ப எங்க வண்டில உக்கார முடியாது" என்றார்.

"உங்க வண்டில முடியாதா, எந்த வண்டிலயுமே முடியாதா? அளந்து பாக்கலாமே" என்றார் மேடம்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோவிந்தன் வேண்டா வெறுப்பாகத் தன் ஸ்போர்ட் டூரரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருடைய நண்பர் யூசுப், டயர் கடைக்காரர், தன்னுடைய அட்வென்ச்சர் டூரரில் வந்தார். சீட்டின் உயரம், பின்சீட்டிலிருந்து கால் வைக்கிற இடம் எவ்வளவு கீழே, எவ்வளவு முன்னால் எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்தேன். யூசுப் பாய்க்கு ஒரே சிரிப்பு. "மேடம், துணி தைக்கறதுக்கு அளவு எடுக்கற மாதிரி கீது."

முதலில் தாழ்ந்த வண்டி. ஏறுவதில் மலர்விழிக்குச் சிரமமே இல்லை. ஆனால் உட்கார்ந்ததும் முழங்கால் மேலே வந்துவிட்டது. பின்னால் உட்காருகிறவருக்குக் கால் வைக்கிற கம்பி அந்த வண்டியில் உயரத்தில் இருக்கிறது. நான் அவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். மூட்டு மடங்காததால் வலது பக்கம் சீட்டை விட்டு எழும்பி, முதுகு கூன் போட்டிருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார். நெற்றியில் வியர்வை. இறங்கச் சொல்லிவிட்டேன்.

அடுத்து உயரமான வண்டி. கோவிந்தன் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் கால் விரல் நுனிதான் தரையைத் தொட்டது. யூசுப், "சைடு ஸ்டாண்டுலயே இருக்கட்டும், அண்ணி ஏறட்டும், அப்பறமா நிமித்திக்கலாம். அவங்க ஜாஸ்தி வெயிட்டு இல்ல" என்றார். மலர்விழி இடது காலைக் கம்பியில் வைத்து, கணவர் தோளைப் பிடித்து எழுந்து நின்று, வலது முழங்காலை மடக்கிச் சீட்டின் பின்பக்கமாக மறுபுறம் கொண்டுபோய் உட்கார்ந்துவிட்டார். நான் கை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சீட்டில் பதிந்திருந்தது, முதுகு நேராக இருந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"நிமித்துப்பா" என்றார் யூசுப்.

கோவிந்தன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தினார். மனைவியின் பாரமும் சேர்ந்திருந்ததால் பலமாகத் தள்ளினார். வண்டி நேராக வந்து, நிற்காமல், வலது பக்கம் தாண்டியது. அவருடைய வலது கால் தரையைத் தேடியது. தரை கிடைக்கவில்லை. யூசுப் பாய்ந்து வந்து தோளைக் கொடுத்து வண்டியைத் தாங்கிக்கொண்டார். நான் மலர்விழியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வண்டி விழவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து நேராக்கி, அவரைப் பத்திரமாக இறக்கினோம்.

கோவிந்தன் வண்டியை விட்டு இறங்கி ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போனார். அவர் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ரெண்டு வண்டியும் வேணாம் மேடம். இவள இன்னொரு தடவ என்னால படுக்க வைக்க முடியாது. விட்டுடுங்க."

மலர்விழிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான்தானே விழுந்தேன்? நானே ஏறறேன்றேன். உங்களுக்கு இன்னா?"

"உனக்குத் தெரியாது. கீழ கெடந்து நீ பாத்த பார்வ எனக்குத்தான் தெரியும்."

"அன்னிக்கு விழுந்தது இந்த வண்டி இல்ல. ரெண்டு காலும் எட்டற வண்டிலதான் விழுந்தோம். ஞாபகம் இருக்கா?"

யூசுப் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிழலில் நிறுத்தினார்.

அடுத்த முறை பிலோமினா மேடம் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். மலர்விழி வந்தார், வழக்கம்போலக் கோவிந்தன் கதவோரம் நின்றார். மேடம் கட்டிலின் விரிப்பை இழுத்துவிட்டு, "நீங்க வாங்க சார், படுங்க" என்றார்.

"எனக்கு ஒன்னும் இல்லீங்க."

"அது நான் சொல்லணும். செருப்பக் கழட்டிட்டுப் படுங்க."

அவர் படுத்தார். மேடம் கையைத் தேய்த்தார். இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை டேப் பிடித்து இரண்டு காலையும் அளந்தார். முழங்காலை மடக்கிப் பார்த்தார், கணுக்காலைச் சுழற்றிப் பார்த்தார். அந்த மனிதரை ஒருவரும் அப்படித் தொட்டுப் பார்த்து வெகுநாளாகியிருக்க வேண்டும். உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுப் பக்கம் போனது. மேடம் அதைப் பார்க்காதது போல வேலையைத் தொடர்ந்தார். பிறகு எழுந்து நிற்கச் சொன்னார்.

"ஒத்தக் கால்ல நில்லுங்க. வலது."

நின்றார். உடனே தடுமாறிச் சுவரைப் பிடித்தார்.

"இப்ப இடது."

இடது காலில் கல்லு மாதிரி நின்றார்.

"விழுந்ததுலேந்து வலது கால நீங்க நம்பல. நடக்கும்போதுகூட அதுல பாரம் போடாமத்தான் நடக்கறீங்க, கவனிச்சிருக்கேன். சாந்தி, இவருக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போடு" என்றார். அதற்குப் பிறகு கோவிந்தனும் எங்கள் நோயாளி.

வலது காலுக்குப் பலமும் சமநிலையும் வரப் பயிற்சி கொடுத்தோம். அது தெரிந்த வேலை. தெரியாத வேலை, குள்ளமான ஆள் உயரமான வண்டியை எப்படி நிறுத்துவது என்பது. அதை யூசுப் சொன்னார். மலைப்பக்கம் வண்டி ஓட்டுகிற குள்ளமானவர்கள் இரண்டு காலையும் எட்டவைக்கப் பார்க்க மாட்டார்களாம். நிறுத்தும்போதே சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து, இடது காலை மட்டும் முழுசாகப் பதிய ஊன்றி, வண்டியை அந்தக் காலின் பக்கம் லேசாகச் சாய்த்து வைத்துக்கொள்வார்களாம். வலது கால் பிரேக்கில். "ரெண்டு நுனிய விட ஒரு பாதம் மேலு" என்றார் யூசுப். நான் உடனே கட்டிலைச் சீட்டின் உயரத்துக்கு ஏற்றி, கோவிந்தனை அதன் முனையில் உட்காரவைத்து நகரச் சொன்னேன். பாதம் முழுசாகப் பதிந்தது.

அதற்குப் பிறகு கணக்கு எளிதாகிவிட்டது. வண்டி இடது காலில் சாய்ந்திருக்கும். மலர்விழி ஏறுவதும் இடது பக்கத்திலிருந்துதான். அவர் கம்பியில் நிற்கும்போது வருகிற பாரம் முழுவதும் கோவிந்தனின் பலமான காலுக்கே வரும். சைடு ஸ்டாண்டிலிருந்து மனைவியோடு நிமிர்த்த வேண்டிய வேலையே இல்லை. முதலில் ஆள் இல்லாமல் பழகினார். பிறகு பின்சீட்டில் சிமென்ட் மூட்டையைக் கட்டிவைத்துப் பழகினார். பிறகு யூசுப் ஏறினார். யூசுப் நல்ல கனமான ஆள். "என்னயே தாங்கிட்டான், அண்ணியா பெருசு?" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கடைசியில் மலர்விழி. அன்றைக்கு மேடமும் வந்து ஜெனரேட்டர் பக்கம் நின்றிருந்தார். கோவிந்தன் இடது பாதத்தை ஊன்றி, இரண்டு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார். "வா" என்றார். மலர்விழி கம்பியில் கால் வைத்து எழுந்தார். வண்டி சற்றே அசைந்தது. கோவிந்தனின் பாதம் அசையவில்லை. மலர்விழி உட்கார்ந்தார். இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம், இன்ஜினைக்கூட ஸ்டார்ட் செய்யாமல், உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அந்த வாரமே அவர்கள் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு உயரமானதை எடுத்தார்கள். மகள் ஹைதராபாத்திலிருந்து போன் செய்து சத்தம் போட்டாளாம். முதல் பயணம் அடி அண்ணாமலைக்கு, அண்ணன் வீடு வரை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடியது. செங்கம் ரோட்டில் அந்தப் பாலத்தைக் கடந்ததைப் பற்றிக் கேட்டேன். "அந்த எடம் வந்துச்சி, போயிடுச்சி மேடம். அவரு அப்ப மோட்டாருக்கு சுத்தற காப்பர் ஒயர் வெல ஏறுனதப் பத்திச் சொல்லினு இருந்தாரு" என்றார் மலர்விழி. அன்றைக்கே அவர் சிகிச்சையை முடித்து எழுதிவிட்டேன்.

மலர்விழி இப்போது பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். நானும் வேங்கிக்காலில் வீட்டோடு இருக்கிறேன். நிவேதாவுக்கு இதை எழுத உட்கார்ந்த சமயத்தில், போன வாரம், அந்த இரண்டு பேரும் அதே வண்டியில் என் வீட்டுக்கு வந்தார்கள். மலர்விழி நடப்பதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. உடைந்து ஒட்டிய கிண்ணம், இத்தனை வருடத்தில் தேய்ந்துபோயிருக்கிறது. டாக்டர் மூட்டையே மாற்றிவிடலாம் என்கிறார். தேதியும் குறித்தாகிவிட்டது. அந்தப் பயிற்சிக்கு நான் கூட இருக்க வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்கள்.

"நிவேதா நல்லா பாத்துக்குவா. நானும் வரேன்" என்றேன்.

"இன்னொன்னு கேக்கணும்" என்றார் மலர்விழி. "புது மூட்டு இதவிட நல்லா மடங்குமில்ல? அப்ப அந்தத் தாழ்ந்த வண்டிக்கே திரும்பப் போயிடலாமா?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "புது மூட்டுக்கும் ஒரு அளவு இருக்கு டீச்சர். ஆரம்பத்துல ஜாஸ்தி மடக்கவே கூடாது. ஆறு மாசம் கழிச்சிப் பாத்துதான் சொல்ல முடியும். இந்த வண்டி உங்களுக்கு நல்லா ஒத்துப்போயிடுச்சே, இத எதுக்கு மாத்தணும்?"

"சும்மாதான். மாறிப் பாக்கலாமேனு."

கோவிந்தன் காபி குடித்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு என் பின்னாலேயே வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "மேடம், எனக்கு இடது முட்டி கொஞ்ச நாளா வலிக்குது. வண்டிய நிறுத்தி ஊணும்போது சுருக்குனு புடிக்குது. ஒரு தடவ பாருங்க. அவளுக்குத் தெரிய வேணாம், ஆபரேஷன் நேரம், பயந்துடுவா" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் ஹாலிலிருந்து மலர்விழியின் குரல் வந்தது.

"எனக்குத் தெரியும். அதுக்குத்தான் தாழ்ந்த வண்டி கேக்கறேன்."

கோவிந்தன் குழாயைத் திறந்து, அந்த ஒரு டம்ளரை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.